சுமாரான நாளுக்குத் திட்டமிடுங்கள்: நாள்பட்ட நோயோடு அழகுக்கலைத் தொழில் செய்ய முழுமையான வழிகாட்டி

மேக்கப் போடுவதை வெளியிலிருந்து பார்த்தால் பிரஷைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சொகுசான வேலை போலத் தெரியும். உண்மையில் அது பெட்டி தூக்கி, படி ஏறி, இரண்டு மணி நேரம் குனிந்து நின்று, வீட்டுக்கு வந்து அத்தனை பிரஷையும் கழுவி வைக்கும் உடலுழைப்பு. முடக்குவாதம், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்), ஆஸ்துமா, சர்க்கரை, மைக்ரேன், தீராக் களைப்பு என்று ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டு இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் இடறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். உடம்பு நன்றாக இருந்த நாளில் எவ்வளவு முடிந்ததோ அதையே வழக்கமான அளவாக நினைத்து புக்கிங் வாங்கிவிடுகிறார்கள். நாற்காலி, கிட், கட்டணம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் சுமாரான நாளுக்குப் பொருந்தும்படி அமைத்தால் நல்ல நாள்கள் லாபக் கணக்கில் சேரும்.

1. முதலில் 28 நாள் குறிப்பு

தொழிலுக்குப் பெயர், லோகோ, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் பிறகு. முதலில் 28 நாள் குறிப்பு எழுதுங்கள். தினமும் நான்கு வரி போதும்: எழுந்து எத்தனை நேரம் கழித்துக் கைவிரல் முழுதாக மடங்கியது; மொத்தம் எவ்வளவு நேரம் நின்றீர்கள்; வலிக்கும் களைப்புக்கும் சேர்த்து 0 முதல் 10 வரை ஓர் எண்; நேற்றைய வேலை இன்று உடம்பில் எப்படித் தெரிகிறது.

பலரும் விட்டுவிடுவது நான்காவது வரியைத்தான். சில நோய்களில் உழைத்ததன் வலி அன்றே தெரியாது. தீராக் களைப்பு நோயில் வழக்கமாக 12 முதல் 48 மணி நேரம் கழித்துத்தான் உடம்பு சரியும். நாள்கணக்கில், சிலருக்கு வாரக்கணக்கில் அது நீடிக்கும். சனிக்கிழமை வேலை அருமையாகப் போனது என்று ஞாயிற்றுக்கிழமையும் புக்கிங் எடுத்தவர் திங்கட்கிழமை எழ முடியாமல் கிடப்பது இதனால்தான்.

இரண்டாம் வாரத்திலிருந்து மூன்று சோதனை வேலைகள் செய்யுங்கள். வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, கிட்டை நிஜமாகவே தூக்கிப் போய், முழு மேக்கப் போட்டு, பிரஷ் கழுவி முடிப்பதுவரை நேரம் குறியுங்கள். அடுத்த 48 மணி நேரத்துக்கு வேறு பெரிய வேலை வைக்காதீர்கள். என்ன ஆகிறது என்று பார்க்கத்தானே இந்தச் சோதனை.

கடைசியில் 28 எண்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நடுவில் வரும் 14, 15ஆவது எண்கள்தான் உங்கள் சுமாரான நாள். அந்த எண் போட்ட நாள்களில் எவ்வளவு நேரம் தாங்கினீர்களோ அதுதான் ஒரு புக்கிங்கின் உச்சவரம்பு. எழவே முடியாத நாள்களையும் எண்ணுங்கள். 28இல் 6 என்றால், நீங்கள் ஒப்புக்கொள்ளும் ஐந்து வேலைகளில் ஒன்று அப்படிப்பட்ட நாளில் விழக்கூடும். உங்களுக்குப் பதிலாக வந்து வேலையை முடிக்கும் மாற்று ஆர்ட்டிஸ்ட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். எண்டோமெட்ரியோசிஸ் போல மாதவிடாயோடு ஏறி இறங்கும் நோய் என்றால் ஒரு சுற்று போதாது, இரண்டு சுற்று எழுதுங்கள்.

2. எந்தக் கிளை ஒத்துவரும்?

"அழகுக்கலை" என்பது ஒரே வேலை அல்ல. உடம்பின் எந்தப் பகுதி முதலில் மடங்குகிறது என்று பார்த்துக் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

கை மூட்டும் தோளும் பிரச்சினை என்றால் முடி உலர்த்தி வடிவமைப்பதுதான் மிகக் கடினம். டிரையரையும் உருளை பிரஷையும் தோளுக்கு மேலே பிடித்தபடி நிமிடக்கணக்கில் நிற்க வேண்டும். முக மேக்கப் அதைவிட எளிது. நகக் கலையை உட்கார்ந்தே செய்யலாம். ஆனால் விரல் நுனியால் அழுத்திப் பிடிப்பதும் நகம் தேய்க்கும் மெஷினின் அதிர்வும் வீங்கிய விரலுக்கும், குளிரில் வெளுத்துப்போகும் ரேனாட்ஸ் உள்ள விரலுக்கும் ஆகாது.

ஆஸ்துமா உள்ளவர்கள் முடி ப்ளீச்சை முக்கிய வருமானமாக வைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்பேட் உப்புகள் சிகைக் கலைஞர்களுக்குத் தொழில்சார் ஆஸ்துமாவை உண்டாக்குபவை என்பது நன்கு அறியப்பட்டது. செயற்கை இமைமுடி ஒட்டும் பசையின் சயனோஅக்ரிலேட் ஆவி, அக்ரிலிக் நகத்தைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி, முடியை நேராக்கும் சில கெராட்டின் ட்ரீட்மென்ட்களைச் சூடாக்கும்போது வெளிவரும் ஃபார்மால்டிஹைடு ஆகியவையும் மூச்சைப் பிடிக்கும். சாதாரணத் துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

லூபஸ் உள்ள பலருக்கு வெயில் பட்டாலே நோய் கிளறும். வெளிப்புற ஷூட்டை விட்டு ஸ்டுடியோ வேலை பக்கம் போங்கள். ஜெல் நகத்தை இறுக்கும் விளக்கும் புற ஊதாக் கதிர்தான். உங்கள் கை அதற்குள் போகாதபடி வேலை முறையை அமைக்க வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே போவதே பாதி சக்தியைத் தின்றுவிடுகிறது என்பவர்களுக்கு ஒட்டு நகம் தயாரிப்பு நல்ல வழி. ஒரு செட்டை மூன்று நாளாகப் பிரிக்கலாம்: முதல் நாள் அளவும் வடிவமும், அடுத்த நாள் அடிப்பூச்சு, மூன்றாம் நாள் ஓவியம். நடுவில் படுத்துவிட்டாலும் எதுவும் கெடாது. நகத்தைத் தாங்கியில் ஒட்டி விளக்குக்குள் வைப்பதால் உங்கள் கைமேல் கதிர் விழாது. கிளையன்ட்டின் பத்து நகங்களின் அகலத்தையும் மில்லிமீட்டரில் வாங்குங்கள். நகத்தின் வளைவை ஒட்டி டேப்பைப் படியவைத்து அளக்கச் சொல்லுங்கள். நேர்க்கோட்டில் அளந்தால் குறைவாகக் காட்டும், செட் இறுகிப் போகும்.

இதில் ஓர் எச்சரிக்கை. ஜெல்லைத் தடிமனாகப் பூசினால் மேல்புறம் இறுகி அடிப்புறம் பச்சையாக நின்றுவிடும். இறுகாத ஜெல் தோலில் படப் பட அக்ரிலேட் ஒவ்வாமை வரலாம். வந்தால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க இருக்கும். இதே குடும்பத்து ரசாயனங்கள் பல் அடைப்பிலும், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின் எலும்பு சிமென்ட்டிலும், சில சர்க்கரை சென்சார்களை ஒட்டும் பசையிலும் உண்டு. முடக்குவாதமோ சர்க்கரையோ உள்ளவருக்கு நகப் பூச்சால் வரும் ஒவ்வாமை பிறகு சிகிச்சையிலேயே குறுக்கே நிற்கக்கூடும். ஆகவே மெல்லிய பூச்சு, அந்த ஜெல்லுக்கென்று சொல்லப்பட்ட விளக்கு, நைட்ரைல் கிளவுஸ் மூன்றும் கட்டாயம். மெல்லிய கிளவுஸை அக்ரிலேட் சில நிமிடங்களிலேயே ஊடுருவும் என்பதால், ஜெல் பட்டதும் கழற்றிப் புதியது போடுங்கள்.

முகப்பட வரைவு (மேக்கப் தோற்றத்தைக் காகிதத்தில் வரைந்து தருவது), ஆன்லைன் வகுப்பு, புகைப்படத் திருத்தம், நிறப் பொருத்த ஆலோசனை இவையும் இதே தொழில்தான். முழுக்க இதிலேயே இருந்தால் யாரும் குறைத்து மதிப்பிடப் போவதில்லை. மதிப்பிட்டால் மதிப்பிட்டுவிட்டுப் போகட்டும்.

3. பயிற்சியில் சேரும் முன்

பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்: ஒரு வகுப்பில் எத்தனை மணி நேரம் நிற்க வேண்டும்? தேர்வை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாமா? விட்ட வகுப்பை அடுத்த அணியோடு முடிக்க அனுமதி உண்டா? ப்ளீச்சும் நகமும் செய்யும் அறையில் புகை வெளியேற வழி இருக்கிறதா? மூன்றாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அந்த இடம் வேண்டாம். தொடர்ச்சியான ஒரு மாத வகுப்பைவிட, பகுதி பகுதியாக முடிக்கும் வகுப்பு இரண்டு மடங்கு காலம் எடுத்தாலும் உங்களுக்கு அதுதான் நல்லது.

4. மருத்துவரிடம் வேலையை விளக்குங்கள்

"மேக்கப் செய்கிறேன்" என்றால் மருத்துவருக்கு எதுவும் விளங்காது. எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எவ்வளவு எடை தூக்குகிறீர்கள், என்னென்ன ரசாயனம், எத்தனை பேரின் முகத்துக்கு அருகில் மூச்சு விடுகிறீர்கள் என்று எழுதிக் கொண்டுபோங்கள். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்ஸேட்டை வாரம் ஒருமுறை எடுப்பவர்களில் பலருக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும். எந்தக் கிழமைக்கு மாற்றினால் புக்கிங்கோடு மோதாது என்று அவரிடமே கேளுங்கள். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் தடுப்பூசி பற்றியும் கேட்க வேண்டும். வேலைக்காக மாத்திரையைத் தள்ளிப்போடுவது, ஸ்டீராய்டைச் சொந்தமாகக் கூட்டுவது குறைப்பது இரண்டும் வேண்டாம்.

5. உட்கார்ந்து செய்யும் அமைப்பு

நின்றுதான் மேக்கப் போட வேண்டும் என்பது பழக்கமே தவிர விதி இல்லை. கிளையன்ட்டின் கண் உங்கள் தோள் உயரத்தைத் தாண்டாமல் இருந்தால் போதும். அவர் சாதாரண 45 செ.மீ. நாற்காலியில் இருந்தால் உங்கள் ஸ்டூல் 60 செ.மீ. சுற்றி இருக்க வேண்டும். உயரம் மாற்றக்கூடிய, சக்கரமும் கால் வைக்கும் வளையமும் உள்ள குதிரைச் சேணம் போன்ற ஸ்டூல் வாங்குங்கள். அதில் முழங்கால் விரிந்து இறங்கும். நேர் எதிரே உட்காராமல் சற்றே பக்கவாட்டில் நெருங்கினால் முழங்கால்கள் இடிக்காது. அவர் முகத்தைத் திருப்பாமல் நீங்கள் ஸ்டூலோடு சுற்றி வரலாம். எளிதில் உருளும் சக்கரம் வழவழப்பான தரையில் ஆபத்து. பூட்டு உள்ளதாகப் பாருங்கள்.

வெளிச்சம் 5000 முதல் 5600 கெல்வின், நிறத் துல்லியம் (CRI) 90க்கு மேல் உள்ள எல்இடி. ஹாலோஜன் சூட்டில் வியர்வையும் மயக்கமும் வரும். மைக்ரேன் உள்ளவர்கள் விளக்கை வாங்கும்முன் ஒளியைக் குறைத்துவைத்து போன் கேமராவின் ஸ்லோ மோஷனில் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்த விளக்கு துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தலை அதை உணரும்.

6. கிட்டின் எடை

எல்லாவற்றையும் அடைத்த பெட்டி 15 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். தராசில் வைத்துப் பாருங்கள், திடுக்கிடுவீர்கள். 6 கிலோவுக்குள் கொண்டுவருவதைக் குறிக்கோளாக வையுங்கள்.

முதல் எதிரி கண்ணாடிப் பாட்டில். 30 மி.லி. ஃபவுண்டேஷனில் பாதி எடை கண்ணாடிதான். கிரீம் ஃபவுண்டேஷனில் ஆறு அடிநிறங்கள், கூடவே மஞ்சள், சிவப்பு, நீலம், வெள்ளை திருத்தி நிறங்கள். இவற்றை ஒரே காலி பேலட்டில் மாற்றிவைத்தால் கலந்தே பெரும்பாலான தோல் நிறங்களுக்கு வந்துவிடலாம். திரவ ஃபவுண்டேஷனைப் பேலட்டில் ஊற்றிவைக்காதீர்கள், காய்ந்து எண்ணெய் பிரிந்துவிடும். மாற்றிய தேதியைப் பேலட்டின் பின்புறம் எழுதுங்கள். பவுடர்களையும் லிப்ஸ்டிக்கையும் இப்படியே டப்பாவிலிருந்து விடுவியுங்கள்.

பெட்டிக்கு நான்கு சக்கரம் வேண்டும். இரண்டு சக்கரப் பெட்டியைப் பின்னால் இழுக்கும்போது தோளும் மணிக்கட்டும் முறுக்கிக்கொள்ளும். நான்கு சக்கரம் என்றால் பக்கத்தில் தள்ளிக்கொண்டே போகலாம். படி ஏற நேர்ந்தால் 6 கிலோவை ஒரே பையாகத் தூக்காமல் மூன்று மூன்றாக இரண்டு கையிலும்.

மருந்துப் பை தனி. இன்சுலின் எடுப்பவர்கள் கவனிக்க: திறந்த பேனா பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும், முடி அயர்ன் பக்கத்தில் கிடந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

7. வீங்கிய விரலோடு ஐலைனர்

நீளமாக ஒரே இழுப்பில் கோடு போடக் கற்றிருப்பீர்கள். அதற்கு மணிக்கட்டு நடுங்காமல் நகர வேண்டும். விரல் வீங்கிய நாளில், அல்லது சால்புட்டமால் இன்ஹேலர் எடுத்துக் கை நடுங்கும் நேரத்தில், இழுக்காமல் ஒற்றி ஒற்றிப் போடுங்கள்.

பிரஷ் கைப்பிடியில் இரண்டு செ.மீ. தடிமனுள்ள ஸ்பாஞ்ச் குழாயைச் செருகுங்கள். தடித்த பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கிளையன்ட்டின் தலை நாற்காலியின் தலைத்தாங்கியில் சாய்ந்திருக்கட்டும். உங்கள் முழங்கை விலாவில் ஒட்டியிருக்க, சுண்டுவிரல் அவர் கன்னத்தில் வைத்த சுத்தமான பவுடர் பஃப் மேல் ஊன்றியிருக்கட்டும். சாய்ந்த முனை பிரஷில் ஜெல் லைனரைத் தொட்டு, பேலட்டில் இருமுறை தட்டி மிச்சத்தை எடுத்துவிடுங்கள். இதை விட்டால் முதல் ஒற்றிலேயே திட்டு விழும்.

அவர் நேரே பார்க்கும்போது, கீழிமையின் கோட்டை நீட்டினால் எங்கே போகுமோ அங்கே இரண்டு கண்ணிலும் ஒரு புள்ளி. சமமா என்று கண்ணாடியில் பாருங்கள். பிறகு இமையின் வெளி மூன்றில் ஒரு பங்கில், பிரஷின் விளிம்பைப் படுக்கவைத்து ஒற்றுங்கள். ஒவ்வோர் ஒற்றும் முந்தையதன் பாதியை மூடட்டும். ஒரு கண்ணை முடிக்காமல் இரண்டின் வெளிப்பகுதியையும் முடித்துவிட்டு உள்பகுதிக்கு வாருங்கள். விளிம்பு பிசிறினால் கூர்முனைப் பஞ்சில் மேக்கப் அழிக்கும் மைசெல்லார் நீர் தொட்டுத் துடைத்து, கன்சீலரால் சீராக்குங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அடிப்பூச்சிலும் இதே யோசனை. ஸ்பாஞ்சை நூறு முறை தட்டுவதைவிட அடர்த்தியான பெரிய பிரஷை வட்டமாகச் சுழற்றுவது மணிக்கட்டுக்கு இதம். மேக்கப்பைக் காற்றோடு தெளிக்கும் ஏர்பிரஷ் எளிது என்பார்கள். ஆனால் ட்ரிகரைப் பிடித்திருக்கும் ஆள்காட்டி விரல்தான் முதலில் வீங்கும், காற்றில் மிதக்கும் துளிகள் ஆஸ்துமாவுக்கும் ஆகாது.

8. எங்கே நிறுத்தினாலும் முகம் முடிந்ததாகத் தெரியும் வரிசை

பவுடர் ஐஷேடோ கன்னத்தில் உதிரும் என்பதால் பலர் கண்ணை முதலில் முடிப்பார்கள். உடம்பு சரியில்லாத நாளில் அது தவறான வரிசை. நடுவில் சர்க்கரை இறங்கினால், தலை சுற்றினால், ஒரு கண் மட்டும் முடிந்த முகத்தோடு கிளையன்ட் உட்கார்ந்திருப்பார். உதிராத கிரீம் ஷேடோ எடுத்துக்கொண்டு அடிப்பூச்சு, புருவம், கன்னம், லேசான உதட்டு நிறம் என்று முடித்துவிட்டுக் கண்ணுக்குப் போங்கள். அங்கும் இரு கண்ணையும் சேர்த்தே நகர்த்துங்கள். செயற்கை இமைமுடி கடைசி.

சர்க்கரை 70 மி.கி.க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் காத்திருப்பு, மறுபடி சோதனை. ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. அந்த 15 நிமிடத்தில் வேலையைத் தொடராதீர்கள், கை நடுங்கும்போது கண்ணருகே பிரஷ் போகக் கூடாது.

9. சுத்தம்

நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குச் சுத்தம் இருபக்கப் பாதுகாப்பு. கிருமி நீக்க 70 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். 99 சதவீதம் சட்டென்று ஆவியாகிவிடும், நீர் கலந்தால்தான் கிருமியோடு போதிய நேரம் இருக்கும். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிரஷ். கண் சிவந்திருப்பவர், உதட்டில் கொப்புளம் உள்ளவர், இருமுபவர் வந்தால் தேதியை மாற்றுவது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பிரஷ் கழுவுவது வேலை முடிந்த அன்றே வேண்டாம். இரண்டு செட் வைத்துக்கொள்ளுங்கள். விரைவு கிளீனரால் துடைத்துத் தனிப் பையில் போட்டால் தெம்பு வந்த நாளில் கழுவலாம். படுக்கவைத்தோ தலைகீழாகவோ காயவையுங்கள், இல்லையென்றால் நீர் உள்ளிறங்கிப் பசை விடும். நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ 20 முறைக்கு மேல் கழுவினாலோ தோல் வெடிக்கும் அபாயம் கூடுகிறது. சொரியாசிஸ், எக்ஸிமா உள்ளவர்கள் கிளவுஸோடு கழுவுங்கள்.

10. கட்டணமும் ஒப்பந்தமும்

ஒரு வேலைக்கு ஆகும் நேரம்: மேக்கப் 2 மணி நேரம், பயணமும் ஏற்பாடும் 2, ட்ரையலும் (முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் மேக்கப்) பேச்சும் 2, சுத்தம் 1. ஆக 7 மணி நேரம், அதன்மேல் மறுநாள் முழு ஓய்வு. 2 மணி நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்கினால் எப்படிக் கட்டும்? மாதத்துக்குத் தேவையான பணத்தை (வாழ்க்கைச் செலவு, மருந்து, பொருள், மாற்று ஆளின் சம்பளம்) எடுத்து, உங்களால் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். குறிப்பேடு 8 முடியும் என்றால் 6 என்றே போடுங்கள். மீதி இரண்டு எழ முடியாத நாளுக்குப் போகும். வரும் தொகை சந்தையில் செல்லாது என்றால், வேலையைக் கூட்டாமல் வீட்டிலிருந்தே செய்யும் வருமானம் ஒன்றைச் சேருங்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: தொடங்கும் நேரம் (காலை விறைப்பு உள்ளவர் விடியற்காலை வேலையை ஒப்புக்கொள்ளவே வேண்டாம்), அதிகபட்சம் எத்தனை முகங்கள், லிஃப்ட் வசதி, ஒரு மணி நேரத்துக்கு 10 நிமிட இடைவேளை, மாற்று ஆர்ட்டிஸ்ட். வாசகம் இப்படி இருக்கலாம்: "உடல்நலக் காரணத்தால் என்னால் வர இயலாவிட்டால், நீங்கள் முன்பே சம்மதித்த மாற்று ஆர்ட்டிஸ்ட் அதே கட்டணத்தில் செய்வார். அவரும் வர இயலாவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்." மாற்று ஆர்ட்டிஸ்ட்டின் வேலைப் படங்களை ட்ரையல் அன்றே காட்டிவிடுங்கள். கடைசி நேரத்தில் முன்பின் தெரியாத ஆள் வந்து நிற்பதைத்தான் யாரும் மன்னிப்பதில்லை.

நோயின் பெயரைக் கிளையன்ட்டிடம் சொல்லத் தேவையில்லை, வேலைக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னால் போதும்: "வணக்கம். நான் உட்கார்ந்துதான் மேக்கப் போடுவேன், ஸ்டூல் நானே கொண்டுவருவேன். கைப்பிடியும் தலைத்தாங்கியும் உள்ள நாற்காலி ஒன்றும், சுவரில் பிளக் ஒன்றும் ஏற்பாடு செய்யுங்கள்." கூட வரும் உதவியாளரிடம் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். இன்ஹேலர், குளுக்கோஸ், அவசர எண் எந்தப் பையில் என்று அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கத் தெரிய வேண்டும்.

11. படங்களைச் சேமித்துவையுங்கள், குறிப்பேட்டைப் புதுப்பியுங்கள்

நல்ல நாள் வந்தால் புக்கிங்கை நிரப்பாதீர்கள். ஒரே அமர்வில் ஒரு மாடலுக்கு லேசான தோற்றத்திலிருந்து அடர்ந்த தோற்றம் வரை மூன்றை அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் படம், குளோசப், சிறு வீடியோ எடுத்துவையுங்கள். அடுத்த சில வாரப் பதிவுகளுக்கு அது போதும். படுத்திருக்கும் வாரத்திலும் பக்கம் உயிரோடு இருக்கும்.

மருந்து மாறினாலோ அளவு கூடினாலோ பழைய குறிப்பேடு காலாவதி. புதிதாக 28 நாள் எழுதுங்கள். அந்த நாலு வாரமும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட வேலைகளை மட்டும் முடித்து, புதிய தேதி கேட்பவர்களைக் காத்திருப்போர் பட்டியலில் போடுங்கள்.